கரண்டு போய் வந்தால் பேசாத குரல்

பின்னாலிருந்து இரண்டாவது முறையாக அது மண்டையில் இடித்தபோது ஜோதி மேரிக்குக் காது மடல் சிவந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். வீட்டில் அந்தச் சிவப்பைப் பார்த்தாலே அவள் அப்பா டேவிட் ராஜ் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

இது வீடு இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பேருந்து. இரண்டாயிரத்துப் பத்தாம் வருடத்து ஐப்பசி மழை வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. ஷட்டரை இறக்கியும் சாரல் உள்ளே வந்து அவள் துப்பட்டாவின் ஒரு பக்கத்தை நனைத்துவிட்டது. ஆலப்பாக்கம் தாண்டியதிலிருந்து பேருந்து ஒவ்வொரு பள்ளமாக விசாரித்துக்கொண்டு போனது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின் சீட்டிலிருந்து ஏதோ ஒன்று அவள் தலையில் வந்து முட்டியது.

திரும்பிப் பார்த்தாள். ஒரு குழாய் ஒலிபெருக்கி... திருவிழாவில் மரத்து உச்சியில் கட்டுவார்களே, அந்தப் பெரிய அலுமினியக் குழாய். அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் அணைத்துக்கொண்டு ஒருவன் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தான். கறுத்த முகம், மழையில் நனைந்து நெற்றியில் ஒட்டிய முடி, யாரையோ முறைக்கிற கண்கள். அவளை அவன் கவனிக்கவே இல்லை.

"இல்லத்த... கோளாறு நம்ம கொழாயில இல்ல. கடலூர்ல கடைக்காரன்கிட்ட காட்டிட்டேன், நல்லாத்தான் இருக்குன்னுட்டான். எல்லாம் அந்த ஆபீஸ் பொண்ணு எழுதுன புரோகிராமு. வருது, ஏதோ தட்டுது, ஓடுது, கெளம்பிடுது. ரெண்டு நாள்ல நம்ம மெஷின் செத்துடுது. நண்டுமேட்டுக்காரன்னா அவுங்களுக்கு எளக்காரம்..."

நண்டுமேடு என்ற பேரைக் கேட்டதும் ஜோதியின் இரண்டாவது காதும் சிவந்தது.

பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மீனவர் ஊர் அது. அந்த ஊரின் சமுதாயக் கூடத்தில் ஒரு சின்ன அறை, அறைக்குள் ஒரு கணினி. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மறுநாள் கடல் எப்படி இருக்கும் என்ற விவரத்தை அது எங்கிருந்தோ வாங்கி, கூடத்தின் மேல் கட்டிய குழாயில் ஊருக்கே சொல்லும். அலை உயரம், காற்று வேகம், போகலாமா வேண்டாமா... விடிவதற்கு முன் கடலுக்குள் போகிறவர்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று ஆறு வருடத்துக்கு முன் வந்த சுனாமியைப் பார்த்த கடலூர்க்காரி ஜோதிக்குத் தெரியும். அதனால்தான் சென்னையில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு, சிதம்பரத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் உட்கார்ந்து அந்தப் புரோகிராமை எழுதினாள். அவள் முதல் வேலை அது. அதைப் போய் இவன்...

"மொதல்ல உங்க கொழாய என் தலையிலேர்ந்து எடுங்க" என்றாள். "அப்புறம் என் புரோகிராமப் பத்திப் பேசலாம்."

அவன் கைப்பேசி காதிலேயே நின்றது. வாய் பாதி திறந்தபடி இருந்தது. மன்னிப்புக் கேட்பான், அல்லது பதிலுக்குக் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். இரண்டும் இல்லை. யாரோ தொலைவிலிருந்து கூப்பிட்ட மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"நீங்களா..."

"ஆமா, நான்தான். வந்து ஏதோ தட்டிட்டுப் போற அந்த ஆபீஸ் பொண்ணு."

அவன் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான். பிறகுதான் அவனுக்குத் தன் கோபம் நினைவு வந்தது போல. கரண்டு போய்த் திரும்பி வந்தால் அது பேசுவதில்லை என்றான். இரண்டு நாளைக்கு ஒரு முறை மூன்று மணி நேரம் கரண்டு போகிற ஊரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டான். அவளும் விடவில்லை. அது ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற புரோகிராம் இல்லை, பின்னணியில் தானாக ஓடுகிற சர்வீஸ், கரண்டு வந்து மெஷின் எழுந்தால் அதுவும் தானாக எழுந்துகொள்ளும் என்று சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல விளக்கினாள்.

"எழுந்திரிக்கல."

"எழுந்திரிக்கும்."

"அந்த ரூம் சாவியே என்கிட்டதாங்க இருக்கு. நான் தெனம் பாக்குறேன்... எழுந்திரிக்கல."

"அப்ப நீங்கதான் ஏதாவது பண்ணிருப்பீங்க."

நடுவில் வந்து நின்ற கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சேர்த்து ரெண்டு சிதம்பரம் கொடுக்கவா என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். முன் சீட்டு அம்மாள் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிதம்பரத்தில் இறங்கியபோது குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவன் மழையில் நடந்தான். அவள் குடையை விரித்தாள். ஒரு நொடி... ஒரே ஒரு நொடி, குடைக்குள் கூப்பிடலாமா என்று தோன்றியது. அந்த நொடிக்காகவும் சேர்த்து அவன் மேல் கோபப்பட்டாள்.

அவன் பெயர் எழிலன். நண்டுமேட்டை ஒட்டிய கிள்ளையில் மைக் செட் கடை வைத்திருக்கிறான். நண்டுமேட்டு அறையைப் பார்த்துக்கொள்வது அவன்தான், சம்பளம் இல்லாமல். இதையெல்லாம் மேலாளர் சுப்பராயலுதான் அலுவலகத்தில் சொன்னார். முன்பு இரண்டு முறை அவள் அங்கே போனபோது அவன் கல்யாண வீடுகளில் இருந்திருக்கிறான். அவன் அத்தை பட்டம்மாள்தான் அறையைத் திறந்துவிட்டாள்.

மறுவாரம் ஜோதி நேரில் போனாள். அறையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டதே போதுமாக இருந்தது. கணினியின் பிளக் பிடுங்கிக் கிடந்தது... அந்த இடத்தில் ஒரு செல்போன் சார்ஜர்.

இப்போதுதான் சுத்தம் செய்யப் பிடுங்கினேன் என்று எழிலன் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. பிளக்கைச் சொருகினாள். தன் பெயரில் உள்ளே நுழைந்தாள். புரோகிராமை ஓட்டினாள். கூடத்தின் மேலிருந்து குரல் கணீரென்று வந்தது. நாளை அலை உயரம்... ஒன்று... மீட்டர்... அவளுக்கு வெற்றிச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலைக் கடைசி வரை கேட்டான். நடிப்பு என்று நினைத்தாள் அவள்.

கூடத்தில் அன்று வேறு ஏதோ வழக்குக்காகப் பஞ்சாயத்தார் உட்கார்ந்திருந்தார்கள். மெஷினுக்கு என்னம்மா என்று கேட்டார்கள். ஜோதி நேராகச் சபை நடுவில் போய் நின்றாள்.

"நான் வந்தா ஓடுது. நான் போனா நிக்குது. நடுவுல இந்த ரூம்ல யாரு இருக்காங்கன்னு நீங்களே பாத்துக்கங்க."

பின் வரிசையில் ஒரு கிழவர் இருமிக்கொண்டே, பொண்ணு அடிக்கடி வரணும்னுதான் பையன் புடுங்கி விடுறான் போல என்றார். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எழிலனின் முகம் கறுத்ததை ஜோதி பார்த்தாள். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். கோபக்காரிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. எழிலன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பஞ்சாயத்தார் முன்னால் வைத்தான். சத்தமே போடவில்லை. இனிமேல் அந்த அறைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான். கருவியை வேண்டுமென்றே அணைக்கிறார்கள் என்று அறிக்கை எழுதி அன்றைக்கே சுப்பராயலு மேசையில் வைத்தாள் ஜோதி. கையெழுத்துப் போடும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றது ஏனோ ஞாபகத்துக்கு வந்தது. இன்னும் அழுத்தமாகப் போட்டாள்.

எட்டாம் நாள் பட்டம்மாள் சிதம்பரத்துக்கு வந்தாள். மழையில் நனைந்தபடி நேராக அலுவலகத்துக்குள் வந்து, ஒரு நோட்டை ஜோதியின் மேசை மேல் போட்டாள். போட்டாள் என்பதைவிட எறிந்தாள் என்பதே சரி.

"எங்க ஊட்டுக்காரரு கொளஞ்சி போட்டு முகத்துவாரத்துல கவுந்துடுச்சி. கை ஒடஞ்சி ஆஸ்பத்திரில கெடக்குறாரு. வலை போச்சி, இஞ்சின் போச்சி. உசுரு இருக்கு, அந்தமட்டும் புண்ணியம்" என்றாள். "முந்தா நாள் சாயங்காலம் உன் மெஷின் பேசல."

ஜோதி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அது இதுக்கு முன்னயும்தான் பல நாள் பேசல. அப்பல்லாம் யாரும் சாவல. ஏன் தெரியுமா? பேசாத அன்னிக்கெல்லாம் எழிலன் இந்த ஆபீசுக்கு போன் போட்டு அலைக் கணக்கக் கேட்டு, மைக்கப் புடிச்சி தொண்ட கிழிய அவனே சொல்லிடுவான். நீதான் அவன ஊரு முன்னால தலை குனிய வெச்சிட்டியே... முந்தா நாள் சொல்ல ஆள் இல்ல."

சுப்பராயலு தலையைக் குனிந்துகொண்டார். போனில் விவரம் சொன்னவர் அவர்தான். அதை ஒரு பெரிய விஷயமாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. படிச்ச பொண்ணு, அவன் எழுதுனதையும் படி என்று சொல்லிவிட்டுப் பட்டம்மாள் போய்விட்டாள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற கோடு போட்ட நோட்டு. கோணல் கையெழுத்து. ஜோதி அன்று வீட்டுக்குப் போகிற பேருந்தில் அதைத் திறந்தாள். பொய்யைக் கண்டுபிடிக்கும் வெறியோடுதான் திறந்தாள், ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. கரண்டு போச்சு 11.20, வந்துச்சு 2.20, சாயங்காலம் பேசல. ஆபீஸ் பொண்ணு வந்துச்சாம், பேசுச்சு. கரண்டு போகல, பேசுச்சு. கரண்டு போகல, பேசுச்சு. கரண்டு போச்சு 10.05, பேசல, நானே சொன்னேன். ஆபீஸ் பொண்ணு வந்துச்சாம், பேசுச்சு. கரண்டு போச்சு, பேசல, நானே சொன்னேன்... இரண்டு மாதம். ஒரு நாள் தவறவில்லை. சில வரிகளின் ஓரத்தில் மட்டும் பென்சிலில் சின்னதாக ஏதோ இருந்தது. கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். 'பேசுச்சு. நாளைக்கும் பேசணும்.'

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

காலையில் வீட்டில் காப்பி இல்லை. அம்மா ஆரோக்கிய ராணி வேளாங்கண்ணிக்குப் போயிருந்தாள். அடுக்களையில் அப்பா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தார். இருக்கிற கோபத்தையெல்லாம் காப்பிப்பொடி மேல் காட்டி ஜோதி அம்மாவுக்குப் போன் போட்டாள். அரிசி டின்னுக்குப் பின்னால், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது என்றாள் அம்மா. தினமும் அந்த அடுக்களையில் காப்பி குடிக்கிறவர்கள்தான் இருவரும். அம்மா இருக்கும்வரை அது எங்கே இருக்கிறது என்ற கேள்வியே வந்ததில்லை. அம்மா ஊரில் இல்லாத முதல் நாளே வீடு காப்பி இல்லாமல் நின்றுவிட்டது.

பாட்டிலைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

நான் இருந்தால் ஓடுகிறது... நான் இல்லாவிட்டால் ஓடவில்லை...

"அப்பா, நீங்களே போட்டுக்குங்க" என்று பாட்டிலை அவர் கையில் திணித்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு ஓடினாள்.

விஷயம் இவ்வளவுதான். ஒலித்துண்டுகளை ஒட்டிப் பேச வைப்பதற்கு அவள் புரோகிராம் ஒரு லைப்ரரியை நம்பியிருந்தது. லைப்ரரி என்றால் புத்தகசாலை இல்லை. இன்னொருவர் எழுதி வைத்த கருவிப்பெட்டி மாதிரி ஒரு கோப்பு. புரோகிராம் ஓட வேண்டுமென்றால் அதைத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோப்பை அவசரத்தில் எல்லாருக்கும் பொதுவான இடத்தில் போடாமல், கணினிக்குள் தன் பெயரில் இருந்த தனி அறையில் போட்டிருந்தாள் ஜோதி. அது எங்கே இருக்கிறது என்ற தகவலையும் தான் உள்ளே நுழையும்போது மட்டும் மெஷினுக்குத் தெரிகிற மாதிரி எழுதியிருந்தாள். அவள் வந்து கையால் ஓட்டினால் எல்லாம் சரி. கரண்டு போய்த் திரும்பி, ஆளே இல்லாத அறையில் சர்வீஸ் தானாக எழுந்தால்... பாவம், அதற்கு எங்கே தேடுவது என்றே தெரியாது. எழுந்த வேகத்தில் விழுந்துவிடும்.

அலுவலகத்தில் இருந்த இன்னொரு கணினியில் அதே புரோகிராம் இருந்தது. ஸ்விட்சை அணைத்துப் போட்டாள். உள்ளே நுழையாமல் காத்திருந்தாள். பேசவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. விழும்போதெல்லாம் அந்த சர்வீஸ் காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டுத்தான் விழுந்திருக்கிறது. அந்த மாதிரிப் புலம்பல்களெல்லாம் திரையை அடைக்கிறதே என்று, அவை வந்து சேராமல் அவளே எப்போதோ வாயை அடைத்து வைத்திருந்தாள். இப்போது திறந்துவிட்டாள். முதல் வரியிலேயே இருந்தது... இந்த லைப்ரரியைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை.

மெஷின் சொல்லியிருக்கிறது. எழிலன் சொல்லியிருக்கிறான். இரண்டு பேர் வாயையும் அடைத்தது இவள்தான். தன் மேலேயே இவ்வளவு கோபம் வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

சரிசெய்ய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கோப்பைப் பொது இடத்துக்கு மாற்றி, அந்த இடத்தை மெஷினின் பதிவில் சேர்த்து, பழைய வழியை அழித்தாள். ஐந்து முறை அணைத்துப் போட்டாள். ஐந்து முறையும் ஆள் நுழையாமலே பேசியது. அறிக்கையைத் திருப்பி வாங்கிக் கிழித்தாள். சுப்பராயலுவிடம் புது அறிக்கையில் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிள்ளை பஸ் ஏறினாள்.

முதலில் கொளஞ்சியைப் பார்த்தாள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்திருந்தார். அவள் அழுததைப் பார்த்து அவரே சங்கடப்பட்டு, போட்டு கவுறது புதுசா தாயி என்றார். பட்டம்மாள் அப்படி விடவில்லை. சபையில் போட்ட பழியைச் சபையில்தான் எடுக்க வேண்டும், அதுதான் இந்த ஊர் வழக்கம் என்றாள்.

சபை என்றால் கூடத்தில் இருந்த பத்துப் பேர் போதாது என்றாள் ஜோதி. மைக் வேண்டும்.

மைக் என்றால் எழிலன்தான் வர வேண்டும். பஞ்சாயத்தார் ஆள் அனுப்பினார்கள். வந்தான். அவளைப் பார்க்கவே இல்லை. அறைக்குள் நுழையமாட்டேன் என்ற வார்த்தையை மீறாமல் வாசலில் நின்றபடியே கையை நீட்டி ஆம்ப்ளிஃபயரைப் போட்டான், மைக்கை இரண்டு தட்டுத் தட்டி அவள் கையில் கொடுத்தான். விரல் படாமல் கொடுத்தான் என்பதை அவள் கவனித்தாள். மேலே குழாயில் அவள் மூச்சுச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது.

"நான் ஜோதி மேரி. உங்க ஊரு மெஷினுக்கு புரோகிராம் எழுதுனது நான்தான். எழிலன்தான் மெஷின நிறுத்துறாருன்னு போன வாரம் இங்க நின்னு சொன்னேன். அது பொய். தப்பு என்னோடது... நான் இருந்தா மட்டும் ஓடுற மாதிரி எழுதி வெச்சிருக்கேன், அது எனக்கே தெரியல. அவர் ரெண்டு மாசமா அதத்தான் சொன்னார், நான் கேக்கல. கொளஞ்சி ஐயா கை ஒடஞ்சதுக்கு நான்தான் காரணம். எழிலன்கிட்டயும் உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்குறேன்."

ஊர் அமைதியாகிவிட்டது. அது மன்னிப்பின் அமைதி என்று அவள் நினைத்தாள். வலை பின்னிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டுக் கூடத்துப் பக்கம் வந்தாள். கொளஞ்சி வாசலில் வந்து நின்று மேலே குழாயைப் பார்த்தார்.

"அடி ஆத்தே... நம்ம அலை சொல்ற கொரலுல்ல இது" என்றாள் பட்டம்மாள்.

ஜோதி அதை மறந்தே போயிருந்தாள். பேச ஆள் வைக்க வசதியில்லாமல், 'நாளை', 'அலை உயரம்', 'மீட்டர்', 'கடலுக்குப் போக வேண்டாம்' என்று ஒவ்வொரு வார்த்தையாகத் தன் குரலிலேயே பதிவு செய்திருந்தாள். அதைத்தான் மெஷின் ஒட்டித் தைத்துப் பேசியது. நேரில் சாதாரணமாகப் பேசியபோது யாருக்கும் தெரியவில்லை. குழாய் வழியாக வந்ததும் ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஒரே ஒருவனுக்கு மட்டும் பேருந்திலேயே தெரிந்திருக்கிறது. நீங்களா என்று கேட்டானே... திரும்பிப் பார்த்தாள். எழிலன் ஆம்ப்ளிஃபயரின் ஒயரை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தான். காது மடல் சிவந்திருந்தது.

ஆனாலும் கோபம் இறங்கவில்லை அவனுக்கு. மன்னிப்பை மைக்கில் சொல்லியாயிற்று, மெஷின் சொல்லட்டும் பார்க்கலாம் என்றான். நியாயம்தானே. ஜோதி கணினியில் வேலையை முடித்தாள். தன் பெயரில் இருந்து வெளியேறினாள். நாலு மணிக்கு எழிலனே கூடத்துச் சுவரிலிருந்த மெயின் ஸ்விட்சை இறக்கினான். கால் மணி நேரம் கழித்து ஏற்றினான். அவள் அறையைப் பூட்டி, சாவியை அவன் முன்னால் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. படியில் வைத்தாள்.

இரண்டு பேரும் கூடத்தின் படியில் உட்கார்ந்தார்கள். நடுவில் சாவி. மழை விட்டு, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுப் பக்கம் வானம் மஞ்சளாக வெளுத்திருந்தது. ஊர் சுற்றி நின்றது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஐந்தரை ஆயிற்று... ஐந்தே முக்கால்... ஜோதி மாதாவிடம் வேண்டாத வேண்டுதல் இல்லை. இது பேசாவிட்டால் இந்த ஊரில் இனி யார் அவளை நம்புவார்கள். அதைவிட, இவன் எப்படி நம்புவான்.

"அன்னிக்கு நான் வீட்லதான் இருந்தேன்" என்றான் எழிலன் திடீரென்று, கடலைப் பார்த்தபடி. "பேசலன்னு தெரிஞ்சுது. சாவி வாங்கிட்டு வந்து சொல்லிருக்கலாம். ரோஷம்... போத்திக்கிட்டுப் படுத்துட்டேன். மாமா கை ஒடஞ்சதுல எனக்கும் பங்கு இருக்கு. நீங்க மைக்ல அதச் சேத்து சொல்லல."

அவள் பதில் சொல்வதற்குள் மேலே குழாய் கரகரத்தது.

நண்டுமேடு மீனவர்களுக்கு... நாளை... அலை உயரம்... ஒன்று... மீட்டர்... காற்று... மிதமாக... வீசும்... கடலுக்குப் போகலாம்.

பூட்டிய அறை. உள்ளே யாரும் இல்லை. கொளஞ்சி நல்ல கையால் தொடையில் தட்டினார். பெண்கள் சிரித்தார்கள். ஜோதி முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு அழுதாள். எழிலன் குனிந்து படியிலிருந்த சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டான்.

கடைசி பஸ் ஆறே முக்காலுக்கு. பஸ் நிற்கிற முக்கு வரைக்கும் அவன் கூட வந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற இடைவெளி. தேங்கிய தண்ணீரைச் சுற்றும்போது மட்டும் அது குறைந்தது. அவள் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள். பென்சில் எழுத்து இருந்த பக்கத்தில் விரலை வைத்தாள்.

"நாளைக்கும் பேசணும்னு எழுதிருக்கீங்க. இது மெஷினப் பத்தியா?"

"மொதல்ல மெஷினப் பத்திதான்."

"அப்புறம்?"

"அப்புறம் பஸ்ல உங்க தலையில கொழாய் இடிச்சிடுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பேருந்து வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது. அவன் நோட்டைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறாக்கிக்கொண்டிருந்தான்.

"இனிமே நீங்க வர வேண்டியதில்ல" என்றான். "மெஷின் தானா எழுந்துக்கும்."

சுரீர் என்றது அவளுக்கு. இதைச் சொல்லத்தான் முக்கு வரைக்கும் வந்தானா. காது மடல் சூடேறுவது அவளுக்கே தெரிந்தது. ஏதோ கடுமையாகச் சொல்ல வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டான். முதல் முறையாக அவன் குரலில் கோபம் இல்லை.

"தெனம் ஆறு மணிக்கு உங்க கொரல் வரும். யாரும் இல்லன்னாலும் வரும். ஊருக்கு அது போதும்... எனக்குப் போதல, ஜோதி."

பேருந்து வந்து நின்றது. கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் ஏறவில்லை. முறைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும்போது முறைப்பது கஷ்டம்... ஆனாலும் முறைத்தாள்.

"இத இவ்ளோ நேரம் கழிச்சு, பஸ் வந்தப்புறம்தான் சொல்லணுமா? நீங்களே ஒரு மெஷின்." படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். "எனக்கும் போதல. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு பத்து மணிக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க வீட்டுக்கு வாங்க. எங்கப்பாகிட்ட இதையே சொல்லுங்க. மைக் இல்லாம."

பேருந்து நகர்ந்தது. பின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். முக்கிலேயே, சேற்றில், தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து அவன் நோட்டை முழங்காலில் விரித்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். என்ன எழுதியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.